மன்னன் மதம் மாறிய ஆண்டு எது?

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் பழமைக்காகத்தான் போகிறார்கள். முகப்பில் இரண்டு பருத்த தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை. இரு ஓரத்திலும் வாயிற்காவலர். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றிலும் இன்று திருமேனி இல்லை. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் எடுத்த இல்லம் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. கட்டடக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நான்கு பொருள்களின் பட்டியலைத்தான் எடுத்துப் பேசுவார்கள். சமயத்தைப் பற்றி யோசிப்பவருக்கு அதற்கடுத்த மூன்று பெயர்கள்தான் முக்கியம். சமணத்தை உதறிவிட்டுச் சைவனானான் என்று நாம் படித்துவந்த அரசன், தன் கல்லில் மூன்று தெய்வங்களுக்கு மூன்று அறை ஒதுக்கியிருக்கிறான். இவன் எந்த ஆண்டில் எதிலிருந்து எதற்கு மாறினான்?

கதை நமக்கு நன்றாகத் தெரியும். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணம் புகுந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்திருந்தார். சூலை நோய் கண்டது. திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து, வீரட்டானத்து இறைவனைப் பாடி, நோய் நீங்கி நாவுக்கரசர் ஆனார். சமணர் சொல் கேட்ட பல்லவன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தது. மன்னன் மனம் திரும்பினான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, இடித்த பள்ளிகளின் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான். இவை அனைத்தும் நடந்த ஊர்கள் கெடிலக் கரையில் ஒன்றையொன்று தொட்டாற்போல் கிடக்கின்றன. 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவையும் மண்டகப்பட்டும் செஞ்சியும் திண்டிவனமும் ஒரே தென்னார்க்காடுதான். கதையின் வேகத்தில் படித்தால், ஒரு நோய், ஒரு துன்புறுத்தல், ஒரு அற்புதம், ஒரு இடிப்பு எல்லாம் சேர்ந்து ஓராண்டுக்குள் ஒரு நாட்டின் சமயமே புரண்டுவிட்டதாகத் தோன்றும்.

அப்படி ஒரு ஆண்டு இருந்திருக்க முடியாது என்பதே என் கட்சி. மன்னனோ நாயனாரோ இல்லவே இல்லை என்று சொல்லும் வாதமில்லை இது. அற்புதம் நடக்குமா நடக்காதா என்ற வழக்குக்குள்ளும் நான் போகவில்லை. சமய மாற்றம் என்று நாம் ஒரே பெயரில் சுட்டுவதில் வெவ்வேறு வேகத்தில் நடக்கும் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஒரு மனிதனின் நெஞ்சு ஒரு கணத்தில் திரும்பலாம். ஒரு அரசின் கொடையும் கோயிலும் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு நாட்டின் வழிபாடு திரும்பத் தலைமுறைகள் ஆகும். பல வேளைகளில் அது முழுக்கத் திரும்புவதே இல்லை. முதலாவதன் நாட்காட்டியை எடுத்து மூன்றாவதன்மேல் மாட்டும்போதுதான் புரட்சி ஆண்டு என்ற ஒன்று பிறக்கிறது.

தன் மனமாற்றத்துக்குத் தானே காலக்கணக்கு எழுதிவைத்த அரசர்கள் உலகில் மிகக் குறைவு. அவர்களில் ஒருவன் நம் நாட்டவன். கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் அதன் பலமடங்கினர் மடிந்ததையும் எண்ணி வருந்தியதாக அசோகன் தன் 13ஆம் பாறைக் கட்டளையில் சொல்கிறான். நாம் அதைப் போர்க்களத்திலேயே நிகழ்ந்த மனமாற்றமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறோம். அவனுடைய சிறுபாறைக் கட்டளை வேறு விதமாகப் பேசுகிறது. உபாசகனாகி இரண்டரை ஆண்டுக்கு மேலாகிறது, ஆனால் முதல் ஓராண்டு போல நான் அவ்வளவு முயற்சி எடுக்கவில்லை, சங்கத்தை அணுகிய பிறகுதான் ஊக்கம் வந்தது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். பேரரசனுக்கே பேர் கொடுத்த நாளுக்கும் பிடிப்பு வந்த நாளுக்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் இடைவெளி. ரோமில் கான்ஸ்டன்டைன் 312-ல் போருக்கு முன் சிலுவையைக் கண்டு கிறித்தவனானான் என்பார்கள். அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் அவன் நாணயங்களில் சூரிய தேவன் இருந்தான். ஞானஸ்நானம் பெற்றது 337-ல், சாகும் தறுவாயில். 380-ல் தியோடோசியஸ் கிறித்தவத்தை அரச மதமாக அறிவித்தான். ஆனால் ஏதென்சில் பழைய தத்துவத்தைக் கற்பிப்பதை நிறுத்த 529-ல் இன்னொரு பேரரசனின் ஆணை தேவைப்பட்டது. ஆணை பிறந்து 149 ஆண்டுகள் கழித்தும் ஆள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள். மகேந்திரவர்மன் காஞ்சியில் ஆண்டுகொண்டிருந்த காலத்தில்தான், 622-ல், மெக்காவிலிருந்து மதீனாவுக்கு நபிகள் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டையே தொடக்கமாகக் கொண்டு ஆண்டு எண்ணும் முறையைக் கலீபா உமர் வகுத்தது ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்து. நிகழ்ச்சி முதலில் வந்தது. அதுவே தொடக்கம் என்ற தீர்மானம் பிறகு வந்தது. எந்தச் சமூகமும் தன் முதல் ஆண்டை வாழ்ந்து முடித்த பிறகுதான் தேர்ந்தெடுக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். நாவுக்கரசரின் வரலாற்றை விரிவாக நமக்குத் தந்தவர் சேக்கிழார். காலம் 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி. மகேந்திரனுக்கும் அவருக்கும் இடையே 500 ஆண்டுகள். அவர் மன்னனைப் பல்லவன், காடவன் என்றுதான் சொல்கிறாரே ஒழிய மகேந்திரவர்மன் என்று எங்கும் பெயர் சொல்லவில்லை. குணபரவீச்சரம் என்ற கோயில் பெயரும், மகேந்திரனுக்குக் குணபரன் என்ற விருதுப்பெயர் இருந்ததும் சேர்ந்துதான் நமக்கு இந்த அடையாளத்தைத் தருகின்றன. அது நியாயமான அடையாளம், நானும் ஏற்கிறேன். ஆனால் பெயர் கிடைத்ததாலேயே ஆண்டு கிடைத்துவிடாது. மகேந்திரன் ஆட்சியை 600 முதல் 630 வரை என்று சுமாராகச் சொல்கிறார்கள். அந்த முப்பதில் எந்த ஆண்டில் அவன் மாறினான் என்று சொல்லும் கல்லோ செப்பேடோ கிடையாது.

சரி, மாறுவதற்கு முன் அவன் சமணனாக இருந்ததற்குச் சான்று என்ன? ஒரு காலத்தில் சித்தன்னவாசலைக் காட்டினார்கள். அங்குள்ள சமணக் குடைவரையும் ஓவியங்களும் மகேந்திரனுடையவை, அவன் சமணனாக இருந்தபோது செய்தவை என்று பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் போன்றவர்கள் கருதினார்கள். பிறகு அங்கே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு, இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அதைப் புதுக்கியதாகச் சொன்னது. அந்தச் சான்று கைவிட்டுப் போயிற்று. அடுத்து, திருச்சி மலைக் குடைவரைச் சுலோகம். குணபரன் என்னும் அரசன் இலிங்கத்தால் மாற்றுவழியிலிருந்து திரும்பிய அறிவு உலகில் நெடுங்காலம் பரவட்டும் என்ற போக்கில் அது செல்கிறது. அதில் மதமாற்றத்தைக் கண்டார்கள். ஆனால் அந்தச் சுலோகத்தின் சொற்கள் யாவும் தருக்க நூலின் கலைச்சொற்களும்கூட. எழுதியவன் வேண்டுமென்றே இரு பொருள்பட எழுதியிருக்கிறான். நகைச்சுவை நாடகம் எழுதிய அரசனின் அவையில் அப்படிப்பட்ட வித்தை நடப்பது இயல்பு. அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த நாடகத்தையும் பார்த்துவிடலாம். மத்தவிலாசப் பிரகசனத்தில் காஞ்சித் தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடுபவன் ஒரு காபாலிகன். சிவனை வணங்குபவன். அவன் கபாலத்தைத் திருடியதாகப் பழி ஏற்பவன் ஒரு பௌத்தத் துறவி. நடுவர் வேலைக்கு வருபவன் ஒரு பாசுபதன். சமணத் துறவி என்று ஒரு பாத்திரமே இல்லை. சமணத்தை வெறுத்து வெளியேறிய ஒருவன் கிண்டல் செய்ய உட்கார்ந்தால் முதல் அடி எங்கே விழும்? மதம் மாறியவர்களின் எழுத்துக்கு என்று ஒரு சூடு உண்டு. இந்த நாடகத்தில் அது இல்லை. எல்லாப் பக்கத்தையும் பார்த்துச் சிரிக்கும் ஒரு நகரவாசியின் குரல்தான் கேட்கிறது.

இதைவிட வலுவான சான்று மகேந்திரனின் முன்னோர் வீட்டிலேயே இருக்கிறது. அவன் தந்தை சிம்மவிஷ்ணு திருமாலடியவன் என்று பிற்காலப் பல்லவச் செப்பேடு புகழ்கிறது. பாட்டன் சிம்மவர்மனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சொல்லும் பள்ளன்கோயில் செப்பேடோ, காஞ்சியை அடுத்த பருத்திக்குன்றின் வஜ்ரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு ஓர் ஊரைக் கொடையாகத் தருகிறது. சமணப் பள்ளிக்கு நிலம் கொடுக்க அரசன் சமணனாக இருக்க வேண்டிய தேவை அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. அவர்களுடைய வழக்கமே அது. மகேந்திரனும் அந்த வழக்கத்தில் வந்தவன். மண்டகப்பட்டில் மும்மூர்த்திக்கு எடுத்தான். அதற்கு அருகிலேயே தளவானூரில் தன் விருதுப்பெயரால் சத்துருமல்லேசுவரம் என்று சிவனுக்கு எடுத்தான். மகேந்திரவாடியில் ஓர் ஏரிக்கரையில் மகேந்திர விஷ்ணுகிருகம் என்று திருமாலுக்கு எடுத்தான். சைவத்துக்குத் திரும்பிய கோபத்தோடு பள்ளிகளை இடித்த ஒருவனின் கோயில் வரிசை இப்படி இருக்காது. இளமையில் அவன் சமண ஆசிரியர்களைச் சூழ வைத்திருந்தான், பிற்பகுதியில் சிவநெறியின் பக்கம் சாய்ந்தான் என்று மட்டும் சொன்னால் கல்லும் அதற்கு இடம் தரும், கதையும் கெடாது.

மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு நாவுக்கரசரின் பதிகங்களிலிருந்தே வரும். சேக்கிழாரை விட்டுவிடு, அப்பர் சொல்வதையே கேள். சமணரோடு இருந்த காலத்தை அவரே திரும்பத் திரும்ப நொந்து பாடுகிறார், அரச ஆணைக்கு அஞ்சாமல் நின்றதையும் பாடுகிறார், அவர் வாக்கைவிட நெருங்கிய சான்று எது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் வாக்கை நான் முழுவதும் நம்புகிறேன். அவர் நெஞ்சு திரும்பிய கணம் உண்மை. அதை ஆராய்ச்சிக்காரன் எவனும் அளந்து குறைக்க முடியாது. ஆனால் அந்தப் பதிகங்களைக் கூர்ந்து படித்தால் அவரே கணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது தெரியும். வீணாய்க் கழிந்த ஆண்டுகளைப் பற்றித்தான் பேசுகிறார். திரும்பிய பிறகும் பழையது அவரை விடவில்லை. வருத்தமாகவும் வசையாகவும் பாட்டுக்குப் பாட்டு வந்துகொண்டே இருக்கிறது. தன் ஒருவன் உள்ளத்தையே ஒரே நாளில் காலிசெய்ய முடியாமல் போராடிய மகானை, ஒரு நாட்டையே ஓராண்டில் மாற்றிய கதைக்குச் சாட்சியாக நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும், இதுதான் கனமானது. எல்லாம் மெல்ல நடந்தது என்று சொல்லிச் சொல்லி இடிப்பையே மறைத்துவிடுகிறாய், பாடலிபுத்திரத்துப் பள்ளி எங்கே போயிற்று என்று கேட்பார்கள். அந்தப் பள்ளியின் பெருமைக்கு ஒரு தெளிவான ஆண்டே உண்டு. உலகவிபாகம் என்ற சமண அண்டநூலைச் சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகத்தில் எழுதி முடித்தது சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, அதாவது பொ.ஆ. 458. பல்லவர் வரலாற்றில் காலம் கணிக்கிறவர்களுக்கு இந்த ஒரு குறிப்பு பெரிய பிடிமானம். அப்படி நூல் எழுதப்பட்ட இடம் பின்னால் இல்லாமல் போனது மெய். சேக்கிழார் அதை இடித்ததாகச் சொல்கிறார், மறைக்காமல், பெருமையாகவே சொல்கிறார். தன் கட்சிக்கு ஆதரவாகப் பெருக்கிச் சொன்னார் என்று தள்ளிவிடலாம்தான். நான் தள்ளவில்லை. திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற பெயர் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்து ஊரில் ஒரு பள்ளி மறைந்துவிட்டது. இடிப்பு நடந்திருக்கக்கூடும் என்றே எண்ணுகிறேன், அதை வன்முறை என்றே சொல்வேன். ஆனால் ஒரு மடத்தை இடிப்பதும் ஒரு நாட்டின் நம்பிக்கையை இடிப்பதும் வேறு வேறு காரியம். முதலாவதற்கு ஆளும் கடப்பாரையும் போதும், ஒரு பருவத்தில் முடிந்துவிடும். இரண்டாவது நடந்ததா என்பதற்குச் சான்று இடித்த இடத்தில் கிடைக்காது. சுற்றுப்புறத்தில்தான் தேட வேண்டும்.

சுற்றுப்புறம் என்ன சொல்கிறது? மகேந்திரன் மறைந்து பத்தாண்டு அளவில், 640 வாக்கில், சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிப் பகுதியைப் பற்றி எழுதும்போது நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விகாரங்களையும் எண்பது போலத் தேவர் கோயில்களையும் குறித்துவிட்டு, நிர்க்கிரந்தர் ஏராளம் என்கிறார். நிர்க்கிரந்தர் என்றால் திகம்பரச் சமணர்தான். பௌத்தரான அவருக்குச் சமணரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் ஏதும் இல்லை. மன்னன் மாறிய ஆண்டில் நாடு மாறியிருந்தால், அவன் தலைநகரத்தில் பத்தாண்டுக்குள் அவர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்?

செஞ்சிக்கு வடக்கே சிறுகடம்பூரை ஒட்டி நிற்கும் திருநாதர்குன்றை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே ஒரு பெரும்பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் மேலொரு வரிசை கீழொரு வரிசை என்று, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக அமர்ந்திருக்கிறார்கள். அங்கே இரண்டு சிறு கல்வெட்டுகள். ஒன்று, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் என்கிறது. தமிழ் எழுத்து பிராமியிலிருந்து வட்டெழுத்தாக உருமாறும் காலத்துப் பொறிப்பு அது, மகேந்திரனுக்கு முற்பட்டது. இன்னொன்று இளையபட்டாரகர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து முடிந்ததைச் சொல்கிறது. எழுத்தமைதியால் மகேந்திரனுக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதே குன்று, அதே நோன்பு. இரண்டு உண்ணாநோன்புகளுக்கும் இடையே பல்லவப் பேரரசு தோன்றி உச்சிக்குப் போய்விட்டது, நாவுக்கரசரும் சம்பந்தரும் பாடி முடித்துவிட்டார்கள். அரண்மனையில் நடந்த எதுவும் இந்தப் பாறையின் பழக்கத்தை நிறுத்தவில்லை. இதற்கெல்லாம் முன்னாலேயே இந்தச் சுற்றில் சமணம் வேர்விட்டிருந்தது. நெகனூர்பட்டியில் சேக்கந்தி என்பவரின் தாய் ஒருவர் பள்ளி செய்துகொடுத்ததை 4ஆம் நூற்றாண்டு அளவிலான தமிழ்பிராமிக் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர் அரசன் இல்லை, ஒரு தாய். அரசன் கொடுக்காததை அரசன் எடுத்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சிறிய, உறுதியான சான்று எனக்குத் தெரியவில்லை.

தொடர்ச்சி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் மலைநாதர் கோயிலின் பாறைச் சிற்பங்களை 9ஆம் நூற்றாண்டினவாகக் கணிக்கிறார்கள். அதே ஊரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இன்றும் நடக்கிறது. தேர்த் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார நயினார் குடும்பங்கள் கூடுகின்றன. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. சூடாமணி நிகண்டு பாடிய மண்டலபுருடர் இந்தப் பகுதிச் சமணர். 16ஆம் நூற்றாண்டினர் என்பர். மகேந்திரன் காலத்திலிருந்து 900 ஆண்டு கழித்துத் தமிழ்ப் பிள்ளைகள் சொல் கற்கச் சமணர் ஒருவர் நிகண்டு செய்திருக்கிறார், சைவத் திண்ணைப் பள்ளிகளும் அதை மனப்பாடம் செய்திருக்கின்றன.

அப்படியானால் ஒன்றுமே மாறவில்லையா என்று மூன்றாவதாக ஒருவர் கேட்பார். மாறியது, மிகப் பெரிய அளவில் மாறியது. 11ஆம் நூற்றாண்டுக்குள் இந்த நாட்டின் நிலமும் நீரும் பெருமளவுக்குக் கோயிலைச் சுற்றியும் பிரமதேயத்தைச் சுற்றியும் அமைந்துவிட்டன. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரமேசுவரவர்மன் கூரத்தில் சிவன் கோயிலுக்கும் பாரதம் வாசிப்பதற்கும் வகைசெய்து, ஏரிக்கு நீரும் வரவழைத்தான். விக்கிரவாண்டிக்கு அருகில் எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் நடந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர், 14 ஆசிரியர். அவர்களுக்கு நெல்லும் பொன்னும் கணக்குப் பிசகாமல் அளக்கப்பட்டதைக் கல்வெட்டு பேசுகிறது. அதே எண்ணாயிரத்துக் குன்றில் சமணர் படுக்கைகள் இருக்கின்றன. சமய மாற்றம் என்று வரலாறு சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததுதான்: படுக்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி, ஒரு தலைமுறையில் கொஞ்சம், அடுத்த தலைமுறையில் இன்னும் கொஞ்சம் என்று மண்டபத்துக்குப் போனது. ஊரார் வாயில் ஏறிய பாட்டு அதற்குத் துணைநின்றது. பதிகம் பாடக் கேட்டுக் கோயிலுக்கு வந்தவன் தன் பழைய மதத்தைத் துறந்ததாக எங்கும் கையெழுத்துப் போடவில்லை. இதற்கு நானூறு ஆண்டுகள் பிடித்தன. நானூறு ஆண்டைப் பாட்டாகப் பாட முடியாது. கல் மிதந்த ஒரு நாளைப் பாடலாம்.

ஓராண்டுக் கதை வென்றவர் மட்டும் சொல்வது என்று நினைத்துவிடவும் கூடாது. செஞ்சி வட்டாரச் சமணரிடையே வழிவழியாக ஒரு வரலாறு உண்டு. 1478-ல் செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன் சமணரிடம் பெண் கேட்டு, அவமதிக்கப்பட்டு, சமணரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொன்னான். உயிருக்கு அஞ்சிப் பலர் திருநீறு பூசிக்கொண்டார்கள். பிறகு வீரசேனாசாரியர் என்பவரும் தாயனூர்க் காங்கேய உடையார் என்பவரும் சேர்ந்து சமணத்தை மறுபடி நிலைநிறுத்தினார்கள் என்பது கதை. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டில்தான் என்பதால் அந்த ஆண்டு பொருந்தவில்லை. ஆனால் கதையின் உருவத்தைக் கவனியுங்கள்: கொடிய மன்னன், ஒரே ஆண்டு, ஆசாரியர் ஒருவரால் மீட்சி. சைவர் சொல்லும் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பட்டதை ஒரு ஆண்டில் திரட்டி வைத்தால்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறது. அந்தத் தேவையை நான் குறைத்துப் பேசவில்லை. நீறு பூசிய குடும்பங்களில் சமணப் பழக்கம் உள்ளுக்குள் எவ்வளவு காலம் ஓடியது என்பதை எந்த ஆண்டுக் கணக்கும் பிடித்துவைக்காது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அரசியலுக்கு ஆண்டு உண்டு என்பதை மறுக்க முடியாது. சாளுக்கியன் புலிகேசி தன் பல்லவ வெற்றியை ஐகொளெ கல்வெட்டில் பாடவைத்தது சக ஆண்டு 556, அதாவது 634-35. 642 அளவில் மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். அங்கே அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டே நிற்கிறது. தலைநகர் விழுந்தது என்றால் விழுந்த ஆண்டு ஒன்று இருந்தே தீரும். அதைப் பார்த்துவிட்டுச் சமயத்துக்கும் அப்படி ஒரு ஆண்டு வேண்டும் என்று தேடுவதில்தான் பிழை. கோட்டையைப் பிடிப்பதுபோல மனங்களைப் பிடித்ததாகக் கதை சொன்னால், தோற்றவர் என்று ஒரு கூட்டத்தையும் காட்டியாக வேண்டும். இன்று மேல்சித்தாமூரிலும் திண்டிவனத்திலும் வந்தவாசிப் பக்கத்திலும் தமிழ் பேசி, தமிழில் வழிபட்டு, நெல் விளைத்து வாழும் நயினார்கள் அப்போது ஏழாம் நூற்றாண்டின் மிச்சம்போலத் தெரிவார்கள். அவர்கள் யாருடைய மிச்சமும் இல்லை. இடைவிடாமல் இங்கேயே இருந்து வருகிறவர்கள்.

பள்ளிப் பாடநூல்களில் மகேந்திரவர்மன் முதலில் சமணராக இருந்து அப்பரால் சைவரானார் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டியதில்லை. அதற்கடுத்து இன்னும் மூன்று வரி சேர்க்கட்டும்: அந்த ஆண்டு எது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை, அவனே மண்டகப்பட்டில் மும்மூர்த்திக்கும் மகேந்திரவாடியில் திருமாலுக்கும் கோயில் எடுத்தான், அவனுக்குப் பிறகும் அவன் நாட்டில் சமணர் ஏராளமாக இருந்தார்கள், இன்றும் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளிலிருந்து மண்டகப்பட்டும் திருநாதர்குன்றும் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் அழைத்துப் போங்கள்.